யாருக்கு அரிக்கிறது?

குழந்தைக்கு உடம்பில் ஏதாவது வந்துவிட்டால் நம் ஆட்கள் முதலில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நோய் என்ன என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். என் மகளின் உள்ளங்காலில் முதல் கொப்புளம் தெரிந்த அன்றே எங்கள் வீட்டில் காரணம் தயாராக இருந்தது. அதுவும் ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்று. ஒவ்வொருவரும் தன் காரணத்தை என்னிடம்தான் வந்து சொன்னார்கள். நான் எல்லாருக்கும் தலையாட்டினேன். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

அப்போது நாங்கள் பாச்சாங்கில் என் மாமனார் வீட்டில் இருந்தோம். தலைப்பிரசவம் என்பதால் மனைவி அப்பா வீட்டுக்குப் போனாள், நானும் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். பத்தியம் சமைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட வீட்டில் ஒரு பெண் துணை இல்லை. அதனால் ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் என் அக்காவை வரச் சொன்னோம். அக்கா அங்கே தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் சமைப்பவள். அத்தான் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளை இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அக்கா பலகாரம் சுட்டுக் கொடுப்பாள், பாத்திரம் தேய்ப்பாள். தொட்டில் போடும் நேரத்தில் மட்டும் தானாகவே பின்கட்டுக்குப் போய்விடுவாள். பிள்ளை இல்லாதவளின் கண் பட்டால் ஆகாது என்று ஒரு பேச்சு. யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அவளுக்கே தெரியும். ஆகவே என் மனைவி போன் செய்து, "அக்கா, நீங்கதான் வந்து பிள்ளையப் பாத்துக்கணும்" என்று சொன்னபோது அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தோம்.

வந்த அன்று சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள்: "என்னைய நம்பி பச்சப் பிள்ளையக் கையில குடுக்குறாங்களே தம்பி. ஒரு சின்னக் குறை வந்தாலும் அப்புறம் யாரும் என்கிட்ட குடுக்க மாட்டாங்க."

"சும்மா இரு அக்கா" என்று அதட்டினேன். எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. கோபம் வரும், கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் வரும்.

மாமனார் யாழ்ப்பாணத்து வம்சம். அவருடைய தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு மலாயாவுக்கு வந்த குடும்பம். இவர் அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் சுருக்கம் விழாது, பேச்சிலும் விழாது. என் அக்காவை 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார், மரியாதையாகத்தான் நடத்துவார். ஆனால் இருவரும் ஒரே அறையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் அக்கா சமையலறைக்குப் போவாள். அக்கா கூடத்தைக் கூட்டினால் அவர் வாசலுக்குப் போவார். சம்பந்தி வீட்டு மரியாதை என்று இதற்குப் பெயர். இரண்டு பேருக்கும் நடுவில் நடமாடியது என் மகள் ஒருத்திதான். காலையில் அக்கா காலை நீட்டி அதில் போட்டுக் குளிப்பாட்டுவாள். மத்தியானம் மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கையை நீட்டுவார், பேத்தி அவர் தோளில் சாய்ந்து தூங்குவாள்.

முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிரசவத் தீட்டு, கழித்தோம். மாமா ஐம்பொன் பஞ்சாயுதம் கோத்த சங்கிலி போட்டார். கையில் கருப்பு வளையல், இடுப்பில் அரைஞாண். அக்கா, அத்தை முறைக்கு, வெள்ளித் தண்டை செய்து கொண்டுவந்திருந்தாள். கேன்டீன் சம்பளத்தில் செய்தது. மனைவியின் பெரியம்மா ஒருவர் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல் இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார். பிறகு என் அக்காவையும் பார்த்தார்.

அதற்குப் பின் கொஞ்ச நாளில்தான் கொப்புளம் வந்தது. உள்ளங்காலில் ஒன்று, கணுக்காலில் இரண்டு மூன்று. சரியாகத் தண்டை உரசும் இடத்தில்.

போனில் படம் போனது பெரியம்மாவுக்கு. உடனே தீர்ப்பு வந்தது: மட்டமான வெள்ளி. மனைவி தண்டையைக் கழற்றினாள். அக்கா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "ஆமாம்மா, கடைக்காரன் ஏமாத்தியிருப்பான்" என்றாள். கடைக்காரன் பாவம்.

தண்டை போன பிறகு மணிக்கட்டில் வந்தது. வளையலைக் கழற்றினோம். இடுப்பில் வந்தது. கயிற்றை அறுத்தோம். கழுத்தோரம் சிவந்தது, பஞ்சாயுதமும் போனது. திருஷ்டிக்கு என்று போட்டது ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் கன்னத்துப் பொட்டு மட்டும் மிச்சம். நகையைக் குற்றம் சொல்ல இனி நகையே இல்லை. அதன் பிறகுதான் அக்குளில் வந்தது, உள்ளங்கையில் வந்தது, காதுக்குப் பின்னால் வந்தது.

அப்போது சாப்பாட்டின் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். மாமா ஒருநாள் உம்பாயில் இருந்து நல்ல இறால் வாங்கி வந்திருந்தார். மனைவி ஆசைப்பட்டு நாலு சாப்பிட்டாள். "பால் குடுக்குற பொண்ணு இறால் திங்கலாமா, கரப்பான்தான் அது" என்று அக்கா என்னிடம் முணுமுணுத்தாள். "குழந்தையிட உடம்பு சூடு. நல்லெண்ணெய் வைக்கிறது கூடிப்போச்சு" என்று மாமா என்னிடம் சொன்னார். எண்ணெய் வைப்பது யார் என்று அவர் சொல்லவில்லை. "துணி துவைக்கிற சோப்புலா, அதான் ஒத்துக்கல" என்றாள் மனைவி. துணி துவைப்பவளும் அக்காதான். இதை நான் பிறகுதான் கவனித்தேன். இறாலைத் தவிர எல்லாக் காரணமும் எப்படியோ சுற்றிச் சுற்றி அக்கா கையில் போய் முடிந்தது.

எனக்கென்று ஒரு காரணம் வேண்டாமா? நானும் போனில் தேடினேன். கையிலும் காலிலும் கொப்புளம் என்று போட்டதும் கை, கால், வாய் நோய் என்று வந்தது. அந்த வருடம் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு பாலர்பள்ளியையே அதற்காக மூடியிருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தனியார் கிளினிக்குக்கு ஓடினோம். அங்கே டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், புண் இல்லை, அது இல்லை என்றார். எக்ஸீமா, தோல் வறட்சி, பயப்பட வேண்டாம் என்று ஒரு களிம்பு கொடுத்தார். வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது.

களிம்பு பூசிய இரண்டு மூன்று நாளில் சிவப்பு அடங்கியது. நான் மனைவியிடம், "பார்த்தியா?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அடுத்த வாரம் முன்னைவிட இரண்டு மடங்காகக் கிளம்பியது. இப்போது சில கொப்புளங்களில் சீழ். பெரியம்மா சொன்னார் என்று தெங்கேராவில் ஒரு சீனர் கடைக்குப் போய் அரிசியில் செய்த குளிர்ச்சிப் பவுடர் வாங்கிவந்து கரைத்துப் பூசினோம். பிள்ளை வெள்ளையாக, சுவரில் இருந்து பெயர்ந்து வந்த பொம்மை மாதிரி இருந்தாள். அழுகை மட்டும் நிற்கவில்லை. அக்கா ஒரு கட்டத்தில், இது அம்மையாக இருக்குமோ என்று வேப்பிலையைக் கொண்டுவந்து வாசலில் செருகினாள். மாமா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். களிம்பைப் பூசச் சொன்னவர் ஒருவர், பூசினால் ஆத்தா கோபிப்பாள் என்றவர் ஒருவர். நான் களிம்பைக் கையில் வைத்துக்கொண்டு மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

இதில் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது கொப்புளம் இல்லை. பிள்ளை பால் குடிப்பதை விட்டுவிட்டாள். வாய் வைப்பாள், நாலு வாய் இழுப்பாள், உடனே உடம்பை முறுக்கிக்கொண்டு கத்துவாள். ஒரு காலை இன்னொரு காலோடு வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். இரண்டரை மாதக் குழந்தைக்குச் சொறியத் தெரியாது. கை எங்கே போகிறது என்றே அதற்குத் தெரியாது. அரிப்பு என்று அதனால் சொல்லவும் முடியாது. அழுகையைக் கேட்டு நாங்கள் பசி என்றோம், வயிற்றுவலி என்றோம், திருஷ்டி என்றோம். அரிக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் தடுப்பூசிக்குப் போன அன்று எடை பார்த்தார்கள். போன தடவைக்கு இப்போது ஏறவே இல்லை. தாதி மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு காலுறையைக் கழற்றி உள்ளங்காலைப் பார்த்தாள், முகம் மாறியது. ஊசி இன்றைக்கு வேண்டாம், டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினாள்.

நாங்கள் நான்கு பேரும் போயிருந்தோம். மாமா தன் காரைத் தானேதான் ஓட்டுவார். அக்கா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். மற்றவர்களைப் போல அவர் காரணத்தைக் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, பிள்ளையின் துணி முழுவதையும் கழற்றச் சொன்னார். உள்ளங்கை, விரலிடுக்கு, அக்குள், தொப்புளைச் சுற்றி, தலைமுடியை விலக்கி மண்டை என்று நிதானமாகப் பார்த்தார். விளக்கு வைத்த ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து உள்ளங்காலில் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கொப்புளத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் கிறுக்கியது போல ஒரு சின்னக் கோடு. நகத்தின் அளவுகூட இல்லை. அத்தனை நாள் அந்தக் காலை முத்தமிட்டவன் நான், அந்தக் கோட்டைப் பார்த்ததில்லை.

ஒரு பூச்சி தோலுக்குள் புகுந்து போன வழி அது என்றார். பெயரையும் சொன்னார். மலாயில் குடிஸ். நம் பாஷையில் சொறிசிரங்கு.

"நோ, நோ டாக்டர்" என்றார் மாமா. "அது விரலிடுக்கிலதானே வாறது? உள்ளங்கையில, உள்ளங்காலில எல்லாம் வராதே. எங்கட வீடு நல்ல சுத்தம்."

அவர் ஆங்கிலமும் மலாயும் கலந்து அதைத் திரும்பச் சொன்னபோது டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பெரியவர்களுக்குத்தான் விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு. தலைக்கும் முகத்துக்கும் பெரும்பாலும் போகாது. கைக்குழந்தைக்கு அப்படி இல்லை, உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் எங்கேயும் வரும், நீர்க்கொப்புளமாக வரும், அதனால்தான் பலரும் வேறு எதுவோ என்று நினைத்துவிடுகிறார்கள் என்றார். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தோலோடு தோல் ஒட்டினால் போதும் என்றார். களிம்பு போட்டதும் அடங்கி மறுபடி வந்ததே என்று நான் கேட்டேன். அந்தக் களிம்பு சிவப்பை மட்டும் மறைக்கும், பூச்சியை ஒன்றும் செய்யாது என்றார்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். இந்த வயதுப் பிள்ளை தானாக எங்கும் போவதில்லை, யாரோ தூக்கித்தான் வந்திருக்கும். வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது?

மனைவி இல்லை என்று தலையாட்டினாள். மாமா சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தை உற்றுப் பார்த்தார். நானும் இல்லை என்றுதான் சொன்னேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு இடுப்பில் அரித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது ஆயர் குரோ பேக்டரியில் போடும் ஓவரால் உராய்வது என்று எனக்கு நானே எப்போதோ சொல்லி முடித்திருந்தேன். அது அரிப்பில் சேர்த்தி இல்லை.

டாக்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இது முக்கியம் என்றார். வீட்டில் ஒருவருக்கு இருந்து அவர் சொல்லாமல் விட்டால் பிள்ளைக்குக் குணமாகும், திரும்ப வரும், குணமாகும், திரும்ப வரும். புண்ணில் ஏற்கெனவே சீழ் பிடித்திருக்கிறது, இப்படியே விட்டால் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க நேரும்.

அக்காவுக்கு மலாய் அரைகுறைதான். ஆனால் ஆஸ்பத்திரி என்ற சொல் அவளுக்குப் புரிந்தது.

"எனக்கு அரிக்குது டாக்டர்" என்றாள் தமிழில். என்னைப் பார்த்து, "சொல்லுடா" என்றாள். பிள்ளையின் தலையை முழங்கையில் தாங்கியபடியே மற்றொரு கையை விரித்துக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் பொரிப்பொரியாக, சொறிந்து கறுத்துப்போய் இருந்தது. இத்தனை நாள் அதை ஈரக்கையாகவும் மாவுக்கையாகவும் எங்கள் கண்ணில் படாமல் வைத்திருந்திருக்கிறாள். டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

என் மனைவி எழுந்து வந்து அக்காவின் மடியில் இருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள். வெடுக்கென்று பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். அக்கா கையைத் தூக்கி வழிவிட்டாள். அந்த இடத்தில் எனக்கு மனைவி மேல் வந்த கோபம் இன்னமும் முழுதாக ஆறவில்லை. அவள் தாய், பயந்துவிட்டாள், வேறென்ன செய்வாள் என்றும் தெரிகிறது. இரண்டும் எனக்குள் அப்படியே கிடக்கின்றன.

டாக்டர் இன்னொன்றையும் சொன்னார். முதல் தடவை வருகிறவர்களுக்குப் பூச்சி ஏறிப் பல வாரம் கழித்துத்தான் அரிப்பே தொடங்கும். அதனால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சண்டை போடாதீர்கள், கண்டுபிடிக்க முடியாது, தேவையும் இல்லை. வீட்டில் இருக்கும் எல்லாரும் ஒரே சாயங்காலத்தில் மருந்து பூச வேண்டும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும். பெரியவர்கள் கழுத்தில் இருந்து கால்வரை. பிள்ளைக்குக் கண்ணையும் வாயையும் விட்டுவிட்டுத் தலையில் இருந்து. காலையில் குளித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. அவர் சொன்னதில் மருந்து எல்லாருக்கும் ஏறியது. சண்டை போடாதீர்கள் என்பது யாருக்கும் ஏறியதாகத் தெரியவில்லை.

காரில் அக்கா முன் சீட்டில் கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள், எதன் மேலும் படாமல். பின்னால் மனைவி திடீரென்று சின்னக் குரலில், "எனக்கும் இடுப்புல அரிக்குதுலா. பிரசவச் சூடுன்னு நினைச்சேன்" என்றாள். அதைக் கேட்டதும் என் ஓவரால் எனக்கு ஞாபகம் வந்தது. "எனக்கும்" என்றேன். ஒரு நிமிடம் எல்லாரும் சிரித்துவிடுவோம் போல இருந்தது.

"அப்ப எல்லாருக்கும் நான்தான் குடுத்துட்டேன்" என்றாள் அக்கா.

மாமா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா படுக்கை விரிப்பு, சாரோங், பிள்ளையின் துணி எல்லாவற்றையும் வாரிக் கொதிநீரில் போட்டாள். துவைக்க முடியாததைக் குப்பைப் பையில் கட்டி மூலையில் வைத்தாள். எல்லாம் காய்ந்த பிறகு தன் பையை எடுத்துவந்து வாசலில் வைத்தாள். சாயங்காலப் பஸ்ஸில் ஜாசினுக்குப் போகிறாளாம். மருந்தை அங்கே போய்ப் பூசிக்கொள்கிறாளாம்.

"நீ எங்கயும் போக வேணாம்" என்றேன்.

"இல்ல தம்பி. பிள்ளைக்கு ஆறட்டும். நான் இருந்தா அந்தப் பொண்ணுக்கு மனசு அடிச்சிக்கிட்டே இருக்கும்."

"உனக்கு எப்ப அரிக்க ஆரம்பிச்சது?"

"பிள்ளைக்கு வந்த பிறகு. இல்ல, முன்னாலயா? தெரியலயேடா. கேன்டீன்ல எப்பவும் கை தண்ணியில, அரிச்சிக்கிட்டுத்தான் இருக்கும்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரிப்பு தெரிந்தது எப்போது, அதற்குப் பல வாரம் முன்னால் என்றால் எப்போது, அப்போது அவள் தோட்டத்தில் இருந்தாளா, இங்கே இருந்தாளா. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வந்தது. ஒரு விடையில் பிள்ளை அவளுக்குக் கொடுத்திருந்தது. இன்னொன்றில் நான் எல்லாருக்கும் கொடுத்திருந்தேன். மனைவியிடம் போய், "அக்கா போறேங்குது, நீ ஒரு வார்த்தை சொல்லேன்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் என்னலா சொல்றது? போகணும்னு நான் சொல்லல. இருங்கன்னு சொல்லவும் பயமா இருக்கு" என்றாள். அது உண்மை. அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

பிள்ளைக்கு நாங்கள் இருவருமாக மருந்து பூசினோம். அக்கா அறைக்குள் வரவில்லை. கதவு நிலையில் நின்று, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். "காதுக்குப் பின்னால விடாத. நகத்துக்கு அடியில பூசு. கால் விரலைப் பிரிச்சுப் பூசு, அது மடக்கிக்கும். கைக்கு உறை போட்டு விடு, வாயில வச்சுக்கும்." பிள்ளை அக்காவின் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு நானும் மனைவியும் ஒருவருக்கொருவர் பூசிக்கொண்டோம்.

அப்போதுதான் மாமா தன் அறையில் இருந்து கூப்பிட்டார். "தம்பி, ஒருக்கா இஞ்ச வாங்கோ."

உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொன்னார். கையில் மருந்துக் குழாய். "முதுகுக்குக் கை எட்டுதில்லை" என்றார், சுவரைப் பார்த்து.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரைச் சட்டை இல்லாமல் நான் பார்த்ததில்லை. பொத்தானைக் கழற்றவே வெகுநேரம் எடுத்தார். திரும்பி நின்றார். தோள்பட்டையில் இருந்து இடுப்புவரை கீறல். பழையது காய்ந்து கறுத்திருந்தது, அதன் மேல் புதியது சிவந்திருந்தது. அக்குள் ஓரத்திலும் இடுப்பைச் சுற்றியும் பொரிப்பொரியாக இருந்தது. இதெல்லாம் ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் வருவதில்லை. கட்டில் தலைமாட்டில் நீளமான ஒரு மர ரூலர் கிடந்தது, அது எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை.

"எவ்வளவு நாளா மாமா?"

"இந்தியாவில கோயிலுகளுக்குப் போட்டு வந்தனான் எல்லோ. சத்திரத்திலயும் மடத்திலயும் படுத்து எழும்பினது. அதுக்குப் பிறகு." அந்தப் பயணத்தில் இருந்து அவர் திரும்பியபோது மனைவி ஏழு மாதம். அக்கா தோட்டத்தில் கேன்டீனில் இருந்தாள். "சுகர் வருத்தத்துக்குச் சொறியும் எண்டு நினைச்சன். ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

"டாக்டர் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே!" என் குரல் உயர்ந்துவிட்டது.

"உங்கட அக்கா இருந்தவ. சம்பந்தி வீட்டாக்களுக்கு முன்னால, எனக்குச் சிரங்கு எண்டு..."

நான் பூசத் தொடங்கினேன். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அதே நேரத்தில் அந்த முதுகைப் பார்க்கவும் முடியவில்லை. மாமியார் போன பிறகு அந்த முதுகை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று வேறு தோன்றித் தொலைத்தது. யார் மேல் கோபப்படுவது என்ற குழப்பத்தில் தாறுமாறாகப் பூசினேன்.

"அவ போறாவோ?" என்று கேட்டார்.

"பையோட வாசல்ல நிக்குறாங்க."

"நீங்கள் சொல்லுங்கோ தம்பி, போக வேண்டாம் எண்டு."

"நான் சொல்லிப் பார்த்துட்டேன் மாமா. இதை நீங்கதான் சொல்லணும்."

அவர் சட்டையைக் கையில் எடுத்தார். மருந்து பூசிய உடம்பில் எப்படிப் போடுவது என்று யோசித்தாரோ, வேறு எதை யோசித்தாரோ தெரியாது. அதைக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார். நான் குழாயோடு பின்னால் போனேன்.

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். வெற்றுடம்பாக அவர் வருவதைப் பார்த்ததும் பதறி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஐயா" என்று ஒதுங்கினாள். சத்தம் கேட்டு மனைவியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை, இஞ்ச பாருங்கோ" என்றார் மாமா. திரும்பி, அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "இது நீங்கள் வாறதுக்கு முதல் வந்தது."

அக்கா பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். அவளுக்கும் இது தெரியாது என்பது முகத்தில் எழுதியிருந்தது. அவள் இரண்டு எட்டில் அக்காவிடம் போய், அழுதுகொண்டே பிள்ளையை நீட்டினாள்.

"கிட்ட வராத!" என்று அக்கா போட்ட சத்தத்தில் எல்லாரும் நின்றுவிட்டோம். "எனக்கு இன்னும் பூசல. இப்பத்தான் பிள்ளைக்குப் பூசி முடிச்சிருக்கு, மறுபடி ஏத்தி விடுறதா?" செருப்பைக் கழற்றினாள். என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, ஐயாவுக்கு நடு முதுகுல பூசாமயே விட்டிருக்க? கண்ணு எங்க இருக்கு உனக்கு? நல்லாப் பூசி விட்டுட்டுப் பிள்ளைய வாங்கு." பிறகு என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள்: "நீ உள்ள வாம்மா, வந்து எனக்கு முதுகுல பூசிவிடு."